கேட்காத ஜாமீன்

வைத்திக்குப்பத்தில் சுடர்விழியை இன்னமும் 'மில்லுக்காரர் பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். அவள் அப்பா ராஜாங்கம் முதலியார்பேட்டைப் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். அந்தக் குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் சிலம்பரசனை மகள் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குப்பத்திலும் அவளை முழுசாகச் சேர்த்துக்கொண்டவர்கள் குறைவுதான். அவள் பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போய்வந்தாள். ஒரே மகள் அபி ஏழாவது படித்தாள். பெரிய குறை ஒன்றும் இல்லாமல் நாள் போய்க்கொண்டிருந்தது.

மழை தொடங்கிய சமயம், கடலுக்குள் ஒரு விசைப்படகைச் சுங்கத்துறைக்காரர்கள் மடக்கினார்கள். எஞ்சினுக்கு அடியில் கோணியில் சுற்றி வைத்த தங்கக் கட்டிகள் கிடைத்தன. படகில் இருந்த மூன்று பேரில் சிலம்பரசனும் ஒருவன். எஞ்சின் மக்கர் பண்ணுகிறது, கூட வா என்று படகுக்காரர் கூப்பிட்டதால் வந்தேன் என்றான். படகுக்காரரோ அன்றைக்கே ஊரைவிட்டு மறைந்திருந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்பா ஜீப்பில் ஏறுவதைப் பள்ளிக்கூடத்தில் யாரோ செல்போனில் காட்டி, அபி பார்த்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எதுவும் கேட்காமல் படுத்துக்கொண்டாள்.

சிலம்பரசனைக் காலாப்பட்டு ஜெயிலில் அடைத்தார்கள். ஜாமீன் கேட்க வேண்டுமானால் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும் என்றார் வக்கீல் தேவதாஸ். சுடர்விழி அவனுடைய அண்ணன் கலியமூர்த்தியிடம் போனாள். அவர் மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"போட்டுட்டு? நாளைக்கு கஸ்டம்ஸ்காரன் என் போட்டையும் வந்து கொடைவான். அவன் பண்ணதுக்கு ஊரே தலகுனிஞ்சு கெடக்குது."

"அவரு ஒண்ணும் பண்ணல மாமா."

"பண்ணலன்னா வந்துருவாம்மா. நீ போ."

அவர் சம்சாரம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதோடு சரி. வேறு இரண்டு வீடுகளிலும் கதவோரத்திலேயே பதில் வந்தது. பெற்றோரிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஜாமீன் மனு போடாமலே வாரங்கள் ஓடின.

அதற்குள் அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்துவிட்டது. சிலம்பரசன் வெளியே வந்தால் மறுபடியும் கடத்தலில் இறங்குவான், அதனால் முன்னெச்சரிக்கையாக ஒரு வருஷம் காவலில் வைக்கிறோம் என்றது அது. அந்த ஒரு வருஷத்துக்கு ஜாமீனும் கிடையாது, விசாரணையும் கிடையாது. காவல் சரிதானா என்று பார்க்க ஒரு குழு உண்டு. வக்கீல் வரக்கூடாது என்பதால் அதன் முன் அவன் தனியாக நின்றுவிட்டு வந்தான். காவல் சரியென்றே அவர்களும் சொன்னார்கள்.

"இனிமே செய்வாருன்னு யாரு சார் கண்டது?" என்றாள் சுடர்விழி.

"அந்தச் சட்டமே அப்படித்தாம்மா. நாம மெட்ராஸ் ஐகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம். ஒரு பிடி இருக்கு." தேவதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உம் புருஷன் உள்ள இருக்கான். ஜாமீனே கேக்கல. கேக்காதவன் வெளிய வந்துடுவான்னு எத வெச்சு முடிவு பண்ணீங்கன்னு கேக்கப் போறேன். ஜாமீன் போடாம இருந்தது ஒருவிதத்துல நல்லதாப் போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. யாரும் வந்து நிற்காததுதான் இப்போது அவனுக்குத் துணையா? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மனு போட்ட விஷயத்தைச் சொல்ல அந்த வாரமே காலாப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிலம்பரசன் தாடியோடு, கழுத்தெலும்பு தெரிய நின்றான். அபியைக் கேட்டான். அண்ணன் வந்தாரா என்று கேட்டான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அவளும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லினு இருக்கறேன். கோர்ட்டுலயும் அப்படித்தான் சொல்லப் போறேன்."

அவன் வலையில் விரலைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"மொத தபா எனக்குத் தெரியாது, சுடரு. சத்தியமாத் தெரியாது."

"மொத தபாவா?"

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொட்டதும் அவன் திரும்பி நடந்துவிட்டான்.

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். எத்தனை முறை, எப்போதிருந்து என்று மனசு தோண்டிக்கொண்டே போனது. பிடிபடுவதற்கு முந்தின தீபாவளிக்கு அபிக்குக் கனமாகக் கொலுசு வாங்கி வந்தானே, அது ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டுக் கொலுசைக் கழற்றச் சொன்னாள்.

"ஏம்மா?"

"சத்தமா இருக்குது."

மறுநாள் வக்கீலிடம் போய், "தப்பு பண்ணியிருந்தா இந்த மனு நிக்காதா சார்?" என்றாள்.

தேவதாஸ் மேற்கொண்டு எதையும் துருவவில்லை. "அதுக்குத் தனியா கேஸ் இருக்கும்மா. அது நடக்கட்டும், சாட்சி வரட்டும், தப்புன்னா தண்டன குடுக்கட்டும். விசாரிக்காம உள்ள வெக்காதீங்கன்னு மட்டுந்தான் நாம கேக்கறோம். மனுவ வாபஸ் வாங்கணுமா?"

"வேணாம் சார்," என்றாள்.

சென்னைக்கு அவள் பல தடவை போய்வந்தாள். அரசு வக்கீல் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். ஒரு நாள் வழக்கு வராமலே கோர்ட் கலைந்தது. லீவு போட்டுப் போட்டு கெஸ்ட் ஹவுஸ் வேலை போய்விட்டது. குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டில் சமைக்கச் சேர்ந்தாள். வெயில் காலம் வந்த பிறகுதான் மனு முழுசாக எடுக்கப்பட்டது. கடைசி பெஞ்சில் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் ஓடிய பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவனும் வந்துவிடுவான் என்றார் அரசு வக்கீல். எந்த வழக்கில், யாருக்கு என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். ஒரு வழக்கையும் அவரால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

காவல் உத்தரவு ரத்தானது. உன் புருஷன் கடத்தினானா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கடைசிவரை அவள் பயந்துகொண்டே இருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆனாலும் அவன் வெளியே வரவில்லை. கடத்தல் வழக்கு அப்படியே இருந்தது. இனி ஜாமீன் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் அப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள். அம்மா மணியம்மாள் அவளைப் பார்த்ததும் அழுதாள். ராஜாங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"நானும் உங்கம்மாவும் வரோம். உனக்காகக் கையெழுத்துப் போடுறேன். அவன் எம்மூஞ்சில முழிக்கக் கூடாது."

ஜாமீனில் வந்தவனைக் குப்பத்தில் யாரும் ஏசவில்லை. எஞ்சின் பார்க்கக் கூப்பிடவும் இல்லை. கலியமூர்த்தி எதிரே வந்தால் பாதை மாறிப் போனார். இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். சிலம்பரசன் ஒரு டூவீலர் பட்டறையில் சேர்ந்தான். வாரா வாரம் சுங்க அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறான். கடத்தல் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சுடர்விழி கேட்டாள்: "விசாரணைல என்ன சொல்லப் போற?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "வக்கீல் சொல்றத."

"அபி கேட்டா என்ன சொல்லுவ?"

கை நின்றது. பக்கத்து அறையில் அபி பாடம் படித்துக்கொண்டிருந்த குரலும் நின்றது. அவன் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான்.