நடுவில் திரை போட்ட கூடாரம்

லாரிக்காரன் பூபதிராஜாவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதினெட்டு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே போயிற்று. வாளையார் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்ற நேரத்தை மட்டும் சேர்த்துப் பார்த்தால், அதற்குள் ஒரு கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருக்கலாம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கல்யாணமும் முடித்தான், பிள்ளையும் பெற்றான். இரண்டையும் லீவு கிடைத்தபோதுதான் செய்தான் என்பாள் அவன் மனைவி மௌனிகா.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. ஒரே மகள் கௌசிகா, ஒன்பது வயது. சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஹூப்ளி போனால், அங்கிருந்து வெங்காயம், அப்புறம் வேறெங்கோ மக்காச்சோளம் என்று சுற்றிவிட்டு மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வருவான். வந்தால் மகள் என்ன செய்வாள்? விருந்தாளி வந்த மாதிரி நாற்காலி எடுத்துப் போடுவாள். "வாங்கப்பா, தண்ணி குடிக்கறீங்களா?" என்பாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் அவனுக்கு அழுகை வரும்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த டிசம்பரில் அடித்தது பாருங்கள் யோகம்! பள்ளிக்கூடத்திலிருந்து வண்டன்மேட்டு மலைக்குக் கேம்ப் போகிறார்கள். இரண்டு ராத்திரி. ஒரு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூட வர வேண்டும், கூடாரமும் அவரவரே கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடம் கொடுத்த ஃபாரத்தில், கூட வருகிறவர் பெயருக்காக மலையாளத்தில் 'ரட்சகர்த்தாவு' என்று இருந்த இடத்தில் கௌசிகா அம்மா பெயரைத்தான் எழுதினாள். ஆனால் வீட்டில் சினைமாடு இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. மௌனிகா பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்துவிட்டுப் புருஷன் பெயரை எழுதினாள். கையோடு போனும் போட்டாள்.

"ஏனுங்க, லீவு சொல்லிட்டு வாங்க. பொண்ணுகூட நீங்கதான் போகோணும்."

அவன் அப்போது சித்ரதுர்காவில் ஒரு ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். சந்தோஷம் தாங்காமல் கேபினில் ஏறி ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"சரின்னுச்சு. ஆனா கூடாரத்துக்கு நடுவால திரை இருக்கோணுமாமா."

"திரையா? அது எதுக்கு?"

"அப்பாகூடப் படுத்துப் பழக்கமில்லீன்னு சொல்லுது. வெக்கமா இருக்குதாமா."

"சரி, பாத்துக்கலாம்" என்றான். பார்த்துக்கொள்வது என்றால் வேறொன்றுமில்லை. திரை இல்லாத கூடாரமாகப் பார்த்து, மகளை எப்படியாவது தாஜா பண்ணிச் சம்மதிக்க வைப்பது. பக்கத்தில் படுத்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவள் சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்து அவன் கேட்காத கதைகள் அவை. ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவனுக்கு இதே நினைப்புதான்.

கூடாரத்துக்கு வாளையார் ரோட்டில் சென்னியப்பன் இருக்கிறார். லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த மனிதர், இடுக்கி ரிசார்ட்டுக்காரர்கள் கேட்கப்போய் இப்போது கேன்வாஸ் கூடாரமும் தைக்கிறார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலைந்து கூடாரங்களை அடித்து நிறுத்தியிருப்பார். உள்ளே புகுந்து, படுத்து, புரண்டு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். லோடை இறக்கிய கையோடு, ராவெல்லாம் ஓட்டிவந்த சிவந்த கண்ணோடு, மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு காலை பத்து மணிக்கெல்லாம் பூபதிராஜா அங்கே ஆஜர்.

"நைலான் ஒண்ணு வந்திருக்குது தம்பி. எடையே இல்லை" என்றார் சென்னியப்பன்.

"அய்யோ, வேண்டாமுங்கண்ணா! மலைக்காத்துக்குப் படபடன்னு அடிச்சுப் புள்ளைய தூங்க விடாது. கேன்வாஸைக் காட்டுங்க."

துணியைக் கையில் கொடுத்ததும் ஆள் வேறு ஆளாகிவிட்டான். தார்ப்பாயோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அல்லவா! கசக்கினான், மோந்தான், தையலை இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு ஓரத்தைக் குழியாகப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். கடைசியில் துணியை வாயில் வைத்து ஊதினான். கௌசிகா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணி அவள் பார்த்ததே இல்லை.

"எதுக்குங்கப்பா ஊதறீங்க?"

"நம்ம மூச்சு அக்கட்டப் போச்சுன்னா, மழை இக்கட்ட வந்துரும் சாமி. நீயும் ஊதிப் பாரு."

அவள் கன்னம் உப்ப ஊதினாள். முகம் சிவந்ததுதான் மிச்சம், மூச்சு போகவில்லை. "போகலீங்கப்பா!" என்று குதித்தாள். அப்பனும் மகளும் கைதட்டிக்கொண்டார்கள். புதுக் கேன்வாஸை ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைத்தால் நூல் உப்பித் தையல் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று அவன் சொன்னதற்கு, "நான் நனைக்கறேன், நான் நனைக்கறேன்!" என்றாள். பூபதிராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சமயம் என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

இரண்டு கூடாரம் தோதாக இருந்தன. சின்னதில் திரை இல்லை. பெரியதில் நடுவே ஒரு திரை, இரண்டு பக்கமும் தனித்தனிப் படுக்கை. கௌசிகா நேராகப் பெரியதின் வாசலில் போய் நின்றாள்.

"அது வெட்டிச் சொமை சாமி. இங்க வந்து பாரு, எத்தனை எடம்!" என்று அவன் சின்னதற்குள் பாய்ந்து படுத்தே காட்டினான். "பாரு, நீ படுத்து, உம்பட பையையும் வெக்கலாம். இன்னும் ஒரு ஆளே படுக்கலாம்!"

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, காலை நீட்டுங்க."

"நீட்டித்தானே இருக்கறேன்?"

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கூத்து. முழங்கால் நெஞ்சைத் தொட, கை கன்னத்துக்கடியில் இருக்க, உருண்டுகொண்டு கிடந்தான். கேபின் சீட்டில் பதினெட்டு வருஷம் படுத்தவனுக்கு அதுதான் படுக்கை என்று உடம்பில் பதிந்துபோயிருந்தது.

"தம்பி, அது கேபின் இல்லப்பா!" என்று சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். பூபதிராஜா காலை நீட்டினான். முழங்காலுக்குக் கீழே முழுதும் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. ஆறடி மனுஷன்! சின்னக் கூடாரத்தின் கதை அதோடு முடிந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

பெரியதற்குள் போனார்கள். கௌசிகா உள்பக்கம் போய்த் திரையை இழுத்துவிட்டாள். "இங்க நல்லா நீட்டிப் படுக்கலாமுங்கப்பா" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவன் இந்தப் பக்கம் நீட்டிப் படுத்தான். எப்படிப் பேசினால் மனசு மாறுவாள் என்று யோசித்தான். யோசிக்க ஆரம்பித்தது வரைதான் அவனுக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது தகரக் கூரையில் வெயில் ஏறியிருந்தது. எங்கே கிடக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. திரையைப் பார்த்தான். ஓரமாகச் சுருட்டிக் கட்டியிருந்தது. அவன் காலடியில் கௌசிகா உட்கார்ந்து, வலது பாதத்தை இரண்டு கையாலும் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி பண்றே?"

"தூக்கத்துல காலை ஒதைச்சுக்கிட்டே இருந்தீங்கப்பா. நீங்க பிரேக் போடறீங்கன்னு கடைக்காரப் பெரியப்பா சொன்னாரு. தூங்கறப்பவும் வண்டி ஓட்டறீங்களாமா." அவள் கண் கலங்கியிருந்தது. "நான் புடிச்சதும் நின்னுருச்சு."

வெளியிலிருந்து சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "எதைக் கட்டட்டும் கண்ணு?"

"இதேதானுங்க பெரியப்பா. திரையை மட்டும் கழட்டிருங்க. அது இருந்தா அப்பா காலைப் புடிக்க முடியாது."

பூபதிராஜா எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்குகிற பாவனையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு உதை உதைத்தான்.