பிஸ்கட் டின்னுக்குள் எண்ணெய் விலை

பிங்பாங் பந்து சிமெண்டுத் தரையில் துள்ளும் சத்தம் எனக்கு இன்னும் ஆகாது. பள்ளியில் மாணவர்கள் பிங்பாங் விளையாடும் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஆசிரியர் அறைக்குப் போகிறேன். ஏன் என்று கேட்ட தலைமையாசிரியரிடம் முட்டி வலி என்றேன். சுற்றிப் போனால் தூரம் கூடுமே, முட்டி இன்னும் வலிக்காதா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

கோல சிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். என் கணவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தோட்டம் கொடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறோம். எங்களுக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்பு, எண்பத்தைந்தில், அவள் பள்ளியிறுதி வகுப்பான ஃபாரம் ஃபைவ் படித்துக்கொண்டிருந்தபோது நானும் ஒரு மாணவி. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, பகுதி நேரமாக, கோலாலம்பூரில் முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் நிதிக் கணிதம்.

அப்படியென்றால் என்ன என்று தோட்டத்தில் கேட்காதவர் இல்லை. நாளைக்கு எண்ணெய் விலை ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தெரியாததை வைத்துக் கணக்குப் போடுவதுதான் என் படிப்பு என்று சொல்வேன். கேட்டவர்கள் என் கணவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். பஸ் வருவதற்கு முன்பே அது போய்விட்டதோ என்று பதறுவேன். மகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் பள்ளி முடிந்ததும் ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போவதாக முடிவெடுத்திருந்தார்கள். ஃபேக்டரி பஸ் வாசலுக்கே வருமாம், உள்ளே குளுகுளு ஏர்கானாம். இவளும் அந்த ஏர்கானையே கனவு கண்டுகொண்டிருந்தாள். படி, படி என்று நான் ஓதிக்கொண்டே இருந்ததில் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மா, நீங்களும் இப்ப ஸ்டூடண்ட்தானே. நீங்க பாஸ் பண்ணுங்க, நான் பேசாம மேல படிக்க ஃபாரம் சிக்ஸ் போறேன். நீங்க ஃபெயிலானா நான் ரவாங் ஃபேக்டரி. டீல்?"

நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, "டீல்" என்றார்.

அன்றிலிருந்து என் பரீட்சை என் பரீட்சையாக இல்லை. ஒரு பெண்ணின் படிப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் ஆய்வு பாமாயில் என்கிற செம்பனை எண்ணெயின் விலையைப் பற்றியது. விலை நாளுக்கு நாள் எப்படியெல்லாம் தள்ளாடக்கூடும் என்று பலமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் பகுதி நேர மாணவர்களின் முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும். "அதுவரைக்கும் கையால செய்து பாருங்கோ டீச்சர்" என்றார் என் விரிவுரையாளர். ரவாங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தில் படித்தவர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பத்துப் பிங்பாங் பந்துகளில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சின்ன எண் வந்தால் அன்றைய விலை இறக்கம், பெரிய எண் வந்தால் ஏற்றம். பூஜ்யம் வந்தால் படுமோசமான நாள், ஒன்பது வந்தால் மிக நல்ல நாள். எழுதிக்கொண்டு, பந்தைத் திரும்பப் போட்டு, மறுபடியும் குலுக்க வேண்டும்.

இதைச் செய்ய நான் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் வீட்டு வராண்டா. வீட்டுக்குள் புழுக்கம். இங்கிலாந்தில் படித்தவருக்கும் எனக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை. தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வாராவாரம் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள். எதிர்ப்பட்ட காரின் நம்பர், கனவில் வந்த பாம்பின் நீளம், செத்துப்போனவருடைய வீட்டு எண், எல்லாமே அவர்களுக்கு நாலு நம்பர்தான். அவர்கள் கண்முன்னே, படித்த டீச்சர் ஒருத்தி சாயங்கால நேரத்தில் எண் போட்ட பந்துகளைக் குலுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது, வேலையாட்களை மேற்பார்க்கும் பக்கத்து வீட்டு மண்டோரின் மனைவி. செம்பருத்தி வேலிக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது.

"டீச்சர், நாலு நாலா எடுக்குறீங்களா, ஒண்ணொண்ணா எடுக்குறீங்களா?"

"ஒண்ணொண்ணாதான்க்கா."

"அப்ப நாலு தடவ எடுத்ததும் என்னைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"அக்கா, இது நாலு நம்பர் இல்ல. எண்ணெய் வில. அடுத்தது என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"அதான் டீச்சர். நம்பர் கடக்காரனுக்கும் தெரியாது. தெரியாததும் தெரியாததும் சேந்தா தெரிஞ்சிரும் லா."

நானும் பல நூல்களில் தேடிவிட்டேன். இதை மறுக்கும் தேற்றம் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வராண்டாவில் அக்காவோடு லோரி டிரைவர் ஒருவரும் கோவில் பூசாரியும் உட்கார்ந்திருந்தார்கள். டின் சொன்ன எண்கள் ஒருமுறைகூட விழவில்லை. அதனால் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. "டின்னு சரியாத்தான் சொல்லுது. முன்ன பின்ன மாறி விழுந்துருச்சு" என்றார் டிரைவர். "டீச்சர் இன்னும் படிச்சு முடிக்கல இல்ல. முடிச்சா நேரா விழும்" என்றார் பூசாரி. ஆக, நான் பாஸாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வந்து டின்னைத் திறந்தேன். உள்ளே எல்லாப் பந்துகளுக்கும் குங்குமப் பொட்டு. ஒன்பதுக்கு மட்டும் கல்யாண மாப்பிள்ளையைப் போலச் சந்தனம் அப்பி, அதன் மேல் பெரிய பொட்டு. மாரியம்மன் கோவில் குங்குமம், வாசனையிலேயே தெரிந்தது. அக்காவின் வேலைதான் என்று நினைத்தேன்.

அப்போதே துடைத்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நான் முதுகலை மாணவிதான். ஆனால் அம்மன் குங்குமத்தை ஈரத்துணியால் துடைப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தைரியம் சொல்லித் தருவதில்லை. அதுவும் மகளுக்குப் பரீட்சை இருக்கும் வருடத்தில். எல்லாப் பந்துக்கும்தானே பொட்டு இருக்கிறது, ஆகவே எல்லாம் சமம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குலுக்க ஆரம்பித்தேன்.

விலை ஏறியது.

கட்டம் போட்ட தாளில் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. தாள் முடிந்ததும் அதன் தலையில் இன்னொரு தாளைப் பசை போட்டு ஒட்டினேன். அதுவும் முடிந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டேன். மறுபடியும் ஏறியது. வெளியே நிஜமான எண்ணெய் விலை அந்தச் சமயம் சரிந்துகொண்டிருந்தது. தோட்டத்துத் துரையின் முகம் வாடினால் என் கணவரின் முகமும் வாடும். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஆபீஸ் விலயப் பாத்தா பசிக்கவே மாட்டேங்குது. நம்ம வீட்டு விலயக் காட்டு" என்பார். சுவரில் ஒட்டியிருந்த கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்.

ஆய்வைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாள் வந்தது. அதில் தேறாவிட்டால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாளைச் சுருட்டி, டின்னைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த மனிதர், "வாவ் பட்டமா, காத்துல விடுறதா?" என்று கேட்டார். இல்லை, முதுகலைப் பட்டம் என்றேன். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அறையில் என் விரிவுரையாளரும் ஒரு மூத்த பேராசிரியரும் இருந்தார்கள். தாளைப் பிரிக்க இடம் போதவில்லை. விரிவுரையாளர் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். நான் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"டீச்சர்," என்றார் விரிவுரையாளர் நாற்காலி மேலிருந்து, "உங்கட தோட்டத்தில எண்ணெய்தான் எடுக்கினமோ, இல்லாட்டிப் பொன்னோ?"

"எண்ணெய்தான்."

"இறங்கவே இறங்காதோ?"

"இறங்கல."

"ஒவ்வொரு இலக்கமும் எத்தினை தரம் வந்ததெண்டு எண்ணிப் பாத்தனீங்களோ?"

எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதே அதுதான். பதிலாக டின்னை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு எடுத்தார். ஒன்பது. திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தார். ஒன்பது. பேராசிரியர் தானும் கையை விட்டு எடுத்தார். அவருக்கும் ஒன்பது. மற்ற பந்துகள் வழுவழுவென்று நழுவின. காய்ந்த சந்தனத்தின் சொரசொரப்பு மட்டும் விரலைப் பிடித்துக்கொண்டது.

விரிவுரையாளர் விரலை முகர்ந்து பார்த்தார். "சந்தனம்" என்றார்.

விளக்கம் சொல்ல வந்த நான் பதற்றத்தில் டின்னைத் தட்டிவிட்டேன். பத்துப் பந்துகளும் சிமெண்டுத் தரையில் துள்ளி, பத்துத் திசைகளில் ஓடின. பேராசிரியர், விரிவுரையாளர், நான், மூவரும் மேசைக்கு அடியில் தவழ்ந்தோம். பொட்டு வைத்த ஆறாம் எண்ணைப் பேராசிரியர் அலமாரிக்குக் கீழிருந்து எடுத்து மரியாதையோடு என்னிடம் நீட்டினார். கோவில், பொட்டு, நாலு நம்பர் என்று எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்தது அந்த மேசைக்கு அடியில்தான்.

முடிவும் அங்கேயே சொல்லப்பட்டது. புதுப் பந்துகளோடு மறுபடி செய்துகொண்டு வர வேண்டும். இன்னொரு தரம் தவறினால் அவ்வளவுதான். வாசல் வரை வந்த விரிவுரையாளர், "இந்தச் சந்தனக் கணக்கையும் எறியாதேங்கோ. டின் சரிஞ்சா விலை எவ்வளவு பொய் சொல்லுமெண்டு எழுதலாம்" என்றார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அவருடைய தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மண்டோர் வீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க. ஒம்பதுக்கு ஏன் அவ்வளவு சந்தனம்?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்கு டீச்சர் ஒம்பதுக்கு வைக்கிறேன்? என் நம்பர் நாலு லா. ஊருக்கே தெரியும். வைக்கிறதுன்னா நாலுக்கு வச்சிருக்க மாட்டேனா?"

மறுக்க முடியாத வாதம். வீட்டுக்கு வந்தேன். மகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு சினிமாப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டின்னக் கோவிலுக்குக் கொண்டுபோனது நீயா?"

"ஆமா."

"ஒம்பதுக்குச் சந்தனம்?"

"ஒம்பது வந்தா மட்டும்தான் மா நீங்க சிரிச்சீங்க. மத்த நேரமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தீங்க. அதான் நெறைய வரட்டும்னு வேண்டி வச்சேன். நீங்க பாஸ் பண்ணணும்னும் வேண்டிக்கிட்டேன்."

"நான் பாஸ் பண்ணா நீ ஃபாரம் சிக்ஸ் போகணுமே."

"தெரியும் லா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மாதான் நின்றேன். தன் ஏர்கானை விட்டுக்கொடுத்து அவள் எனக்காக வேண்டியிருந்தாள். பிங்பாங் சத்தம் எனக்கு ஆகாததற்கு அந்த மேசையடி மட்டும் காரணமில்லை.

புதுப் பந்துகள் வாங்கினோம். இந்த முறை மகள் எடுத்தாள், நான் எழுதினேன், எண்ணியும் பார்த்தேன். வராண்டா கூட்டத்தைத் தூரமாக உட்காரச் சொன்னோம். விலை ஏறி, இறங்கி, தள்ளாடி, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்குக் கீழேயே வந்து நின்றது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒரே தாளில் அடங்கியது. அதைக் கண்டதும் பேராசிரியர் நாற்காலியைத் தேட வேண்டியதில்லை என்று விரிவுரையாளரிடம் சொன்னாராம். சந்தனக் கணக்கு ஆய்வின் கடைசி அத்தியாயமாயிற்று. நான் பாஸானேன்.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவளுடைய பரீட்சை முடிவும் நன்றாகவே வந்தது. "டீல் டீல்தான். ஆனா ஆர்ட்ஸ் தான் எடுப்பேன். கணக்கு மட்டும் வேணாம் மா. நம்ம வீட்டுக் கணக்க நான் பாத்துட்டேன்" என்றாள். இப்போது கிள்ளானில் சித்தி வீட்டில் தங்கி ஃபாரம் சிக்ஸ் படிக்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் ஏர்கானில் சளி பிடித்துக்கிடப்பதாக எழுதுகிறாள்.

பொட்டு வைத்த பழைய பந்துகளைக் குப்பையில் போட மனம் வராமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை. இன்று காலை பார்த்தால் ஒன்பதின் சந்தனம் உதிர்ந்துபோயிருந்தது. புதிதாகக் குழைத்து வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே.