செல்வி இன்று ஏன் வரவில்லை

கழுகுமலை முருகனைக் கும்பிட்டு இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்கள், பெற்ற ஒரே மகள் செல்வி எங்கே என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் ஆறாம் வகுப்பில் பையை வைத்துவிட்டு ஏர் பிடித்தார். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் லாரிக்குப் பண்டல் ஏற்றுவார். செவ்வாய்க்கிழமை விரதத்தை ஒரு வாரமும் விட்டதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு நடந்தே போவார்.

ஊரில் அண்ணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விதைப்புதான். மழை பெய்த மறுநாள் புஞ்சையில் இறங்கி, கரிசலைத் தோண்டி, முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். அது வரைக்கும் ஈரம் இருந்தால்தான் விதைப்பு. அரை ஈரத்தில் போட்டால் விதையும் கெட்டுப்போகும், அடுத்த மழைக்குப் பொறுப்போம் என்பார். "அண்ணாச்சி கை விட்டுப் பாத்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் மற்றவர்கள் விதைப்பெட்டியை எடுப்பார்கள்.

செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அது இல்லையென்றால் படிப்பு இல்லை. அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பரீட்சை நடக்கிற நேரம். இடையில் கிடைத்த லீவில் வந்து அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் சொன்னாள்:

"அப்பா, நாளைக்குக் கணக்குப் பேப்பர். ஒண்ணுமே படிக்கல. போய் எழுதினா ஃபெயிலுதான்."

"ஈரம் இல்லாம ஏம் பிள்ள விதையக் கொட்டுத? போகாத. அடுத்த தடவை எழுதிக்கிடு."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணன் சொல்லுதது சரிதான்" என்றேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

அடுத்த பரீட்சையில் அதே கணக்கில் எண்பத்திரண்டு மார்க் வாங்கினாள். அண்ணன் பசுவந்தனை சிவன் கோயிலில் பொங்கல் வைத்து ஊருக்கெல்லாம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உதவித்தொகை நிறுத்தம் என்று கடிதம் வந்தது. அண்ணனும் நானும் கல்லூரி ஆபீசுக்குப் போனோம்.

"அண்ணாச்சி, உங்க பிள்ள மூணாம் வருசம் தாராளமாப் படிக்கலாம். பல்கலைக்கழக விதியில தடை ஒண்ணுமில்ல" என்றார் அங்கே இருந்த கிளார்க்.

"அப்போ உதவித்தொகை?" என்று கேட்டார் அண்ணன்.

"அது வராது. எல்லாப் பேப்பரையும் முதல் தடவையே பாஸ் பண்ணணும்னு அறக்கட்டளை விதி."

"எம்பத்திரெண்டு வாங்கியிருக்காளே?"

"அது ரெண்டாம் தடவைல்லா."

"முதல் தடவை அவ எழுதவே இல்லியே! பிறகு எப்படி இது ரெண்டாம் தடவை?"

கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "வராட்டாலும் ஒரு தடவை போயிருச்சு அண்ணாச்சி. ஆப்சென்ட்டும் அரியர்தான்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "விதைக்காத புஞ்சையில வெள்ளாமை அழிஞ்சு போச்சுன்னு எழுதுவாங்களாலே?"

"எட்டாப்பையே ரெண்டு வருசம் படிச்சவன்ட்ட கேக்குதீங்களேண்ணே!"

அப்போது சிரித்தார். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. ஒரே மார்க் தாள். கல்லூரி படி என்கிறது, உதவி செய்கிறவர்கள் தவறிவிட்டாள் என்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. ஒட்டப்பிடாரம் தாண்டும்போது, "நான்தாம்லே கெடுத்துட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வைத்து மனுக் கொடுக்கலாம் என்று அந்தக் கிளார்க்தான் போனில் சொன்னார். செல்வி எழுதிய மனுவின் அடியில், "பிள்ளைமேல் தப்பில்லை. போகாதே என்று சொன்னது நான்" என்று அண்ணன் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதில் வந்தது. உதவித்தொகை உண்டு. ஆனால் படிப்பு முடியும் வரை கண்காணிப்பு. இனி ஒரு பேப்பர் தவறினாலும், எழுதாமல் விட்டாலும், அதோடு சரி. மறு மனு கிடையாது.

"குடுத்துட்டாங்களா இல்லியா?" என்று மதினி கேட்டார்கள்.

"குடுத்திருக்காங்க. குடுக்காத மாதிரியும் இருக்கு" என்றார் அண்ணன்.

போன வருடம் செல்வி எல்லாப் பரீட்சையும் முடித்து ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அண்ணன் முருகனடி சேர்ந்தார். அவள் கையால் பால் ஊற்றினாள். திதிப்படி பார்த்தால் இந்த வருடம் பதினொரு நாள் முன்னால் வந்துவிட்டது. சரியாகப் பரீட்சை நாளில் விழுந்துவிட்டது. அய்யரிடம் கேட்டேன், திதியை மாற்ற முடியாது என்றார். கல்லூரியில் கேட்டேன், பரீட்சையை மாற்ற முடியாது என்றார்கள். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. பூ போட்டுப் பார்க்கலாமென்று கழுகுமலைக்குப் போனேன். போடப் பயந்து திரும்பிவிட்டேன்.

போன வாரம் செல்வி போன் செய்தாள்.

"சித்தப்பா, நான் வந்துருதேன். உதவித்தொகை போனா போகட்டும். அப்பாக்கு வெளக்கு ஏத்தாம அங்கன உக்காந்து என்னத்த எழுத?"

அன்று அண்ணன் போகாதே என்றதற்கு ஆமாம் போட்டவன் நான். இன்று எந்த வாயால் போ என்று சொல்வது? அண்ணன் இருந்தால் என்ன கேட்பாரோ, அதைத்தான் கேட்டேன்.

"ஈரம் இருக்கா பிள்ள?"

"இருக்கு சித்தப்பா. எல்லாம் படிச்சிட்டேன்."

"அப்போ போய் எழுது. வெளக்க நான் ஏத்துதேன்."

நான் சொன்னது தப்பென்றால் அந்தப் பாவம் என்னைச் சேரட்டும், பிள்ளையைச் சேர வேண்டாம்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், மனுவுக்கு வழி சொன்ன கிளார்க் அண்ணாச்சிக்கும், மதினிக்கு இந்த ஒரு வருடமும் துணைக்குப் படுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும்.

செல்வியிடம் போனில் விசாரிக்க நினைப்பவர்கள் ஒரு மணி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை அவள் எழுதிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
தம்பி