பாதிக் கதையும் வாளைக் கருவாடும்

ஞானசுந்தரிக்கு சினிமா என்றால் தூக்கம் வந்துவிடும். உத்திரமேரூர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தால், முதல் பாட்டு முடிவதற்குள் பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்துவிடுவாள். ஆனால் கொட்டகைக்காரர்கள் மாட்டு வண்டியில் தப்படித்துக்கொண்டு வந்து வீசும் நோட்டீஸ் மேல் அவளுக்கு அளவில்லாத ஆசை. கருவாடு மடித்துக் கொடுக்க அதைவிட நல்ல காகிதம் எங்கே கிடைக்கும்? வண்டி தெருவுக்குள் நுழைந்தால், நாற்பது வயதுக்காரி என்ற கூச்சமில்லாமல் பின்னாலேயே ஓடிப் பொறுக்குவாள்.

செவ்வாய்க்கிழமை தோறும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாகறலுக்கு நடப்பாள். பதினைந்து வருஷமாக அந்த ஊர்ப் பெண்கள் அவளிடம்தான் கருவாடு வாங்கினார்கள். பிறகு பாண்டுரங்கன் அதே வியாபாரத்துக்கு சைக்கிளோடு வந்து சேர்ந்தான். அவள் பாதி வழி போவதற்குள் அவன் மணியடித்து, விற்று முடித்து, எதிரே திரும்பி வருவான். "இன்னாமோவ், மெதுவா போ, சுளுக்கிக்கப் போவுது" என்று விசாரிப்பு வேறு. கொண்டுபோன கூடை அப்படியே திரும்பி வந்தால் வயிறு எரியாதா? இந்த வியாபாரமும் போனால் மறுபடி அடுத்தவன் வயலில் குனிய வேண்டியதுதான். அந்த வயலிலிருந்து நிமிர்வதற்காகத்தான் அவள் கூடையையே எடுத்தாள்.

ஒருநாள் நோட்டீஸைக் கிழிக்கப் போனவளைப் புருஷன் ஞானதாஸ் தடுத்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன், எழுத்தைக் கண்டால் சும்மா விடமாட்டான். உரக்கப் படித்தான். மாமியார் கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வந்த ஒரு பெண், கையில் பச்சைக் குழந்தை, கொட்டும் மழை, குழந்தைக்கு ஜுரம். குழந்தை பிழைத்ததா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.

"மீதி எங்கயா?"

"அத்த டிக்கெட்டு வாங்கிக்கினு போயி பாக்கணும் மே."

"அப்ப பாதியத்தான் சும்மா குட்க்கிறானா?"

ஞானசுந்தரி அந்த நோட்டீஸைக் கிழிக்கவில்லை. பதினைந்து வருஷமாகக் கூடையை முழுக்கத் திறந்து காட்டி விற்றது எத்தனை பெரிய மடத்தனம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாகறலில் அம்முலு வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். அம்முலு வாங்கினால் தெருவே வாங்கும். ஞானசுந்தரி கருவாடு பொறுக்கிப் போட்டுக்கொண்டே கதையை ஆரம்பித்தாள். மாமியார் விளக்குமாற்றை ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறு வாரம் அடி விழுந்தது. அதற்கடுத்த வாரம் மழை. நோட்டீஸில் இல்லாத நாத்தனார் ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டாள், நாத்தனார் இல்லாத கதை அந்தத் தெருவில் எடுபடாது. ஐந்தாம் வாரம் குழந்தைக்கு ஜுரம் கண்டது. பாண்டுரங்கன் மணியடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். "உங்கிட்ட கத கீதா?" என்று கேட்டே அவனை அனுப்பினாள் அம்முலு.

பாண்டுரங்கன் சும்மா இருப்பானா? உத்திரமேரூரை விட்டுப் போயிருந்த படத்தைத் தேடிக் காஞ்சிபுரம் வரை மிதித்துப்போய், பகல் ஆட்டத்தில் முழுசாகப் பார்த்தான். திங்கட்கிழமையே மாகறலில் சைக்கிளை நிறுத்தி, கடைசி வரைக்கும் கதையை இனாமாகச் சொல்லிவிட்டான். குழந்தை செத்துப்போகிறது, படம் முடிகிறது. முடிவு தெரிந்த பிறகு அவளுக்காக எவள் காத்திருக்கப்போகிறாள் என்பது அவன் நினைப்பு.

மறுநாள் ஞானசுந்தரி போனபோது தெரு ஓய்ந்து கிடந்தது. ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. அம்முலு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரு போயிட்டாங்க?" என்று பதறினாள் ஞானசுந்தரி.

"கொயந்ததாங்க்கா. பாண்டுரங்கன் நேத்து வந்து சொல்லிட்டுப் போனான்."

எந்தக் குழந்தை என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அவங்கிட்ட எதனா வாங்குனீங்களா?"

"சாவு சேதி சொன்ன வாயோட கருவாடு வாங்குன்றான். சாவு வூட்ல எவனாச்சும் கவிச்சி சமைப்பானாடான்னு கேட்டேன். தெருவுல ஒருத்தி வாங்கல."

ஞானசுந்தரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நியாயமான சந்தோஷம் இல்லைதான், கர்த்தர் மன்னிக்கட்டும். அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அவள் கூடையில் இருப்பது மட்டும் என்ன, கவிச்சிதானே? துக்கம் கழிய இந்தத் தெரு பதினாறு நாள் எடுத்துக்கொண்டால் அவள் வியாபாரம் போயே போய்விடும்.

அவன் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் நாளைக்கே அந்தப் படம் மறுபடி உத்திரமேரூருக்கு வந்தால் மானம் கப்பலேறிவிடும். கூடையை இறக்கி வைத்து, நிதானமாக உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னது நெசந்தான் அம்முலு. ஆனா கொயந்த போயி எத்தினி நாளாவுதுன்னு சொன்னானா? உனக்கு சேதி நேத்துதான் வந்துது. அங்க பதினாறும் ஆயி, காரியமும் முடிஞ்சிபோச்சி."

அம்முலு நிமிர்ந்தாள். "முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சிட்ச்சி. பெத்தவ பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தா. அண்ணங்காரன் வந்து, எனக்கோசரம் ஒரு வாய் துன்னும்மான்னு கெஞ்சினான். அதுக்கப்பறந்தான் எயுந்து, தல முயுவி, அடுப்ப பத்த வெச்சா."

"இன்னா ஆக்குனா?" என்று அடுத்த வீட்டு ராணியம்மாள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேற இன்னா. வாளக் கருவாட்டுக் கொயம்பு. கத்திரிக்கா போட்டு."

அம்முலு எழுந்து உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தாள். அவளைப் பார்த்து ராணியம்மாளும் எடுத்து வந்தாள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் தெரு முழுக்கப் புகைந்தது. கூடையில் செதில்கூட மிஞ்சவில்லை.

"சரி, அப்பறம் அந்த நாத்தனா இன்னா ஆனா?" என்றாள் அம்முலு.

"அடுத்த செவ்வாக்கெயம."

திரும்பும் வழியில் பாண்டுரங்கன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். நடந்தது அவன் காதுக்கு எட்டியிருந்தது. "படம் அத்தோட முடிஞ்சிபோச்சிமோவ். கடசி வரைக்கும் குந்திக்கினு பாத்தவன் நானு" என்றான். அவன் குரலில் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"கொட்டாக்காரனுக்கு முடிஞ்சிபோச்சி நைனா. நாளைக்கு அவன் வேற ஊருக்குப் போயிடுவான். நான் மறுபடியும் மாகறலுக்குத்தான போவணும்."

காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அந்த நாத்தனாரை என்ன செய்வதென்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.