பத்தரை மணிப் படம்

என் மனைவி குமுதினிக்கு ஊர் பார்க்கிற ஆசை என்று ஒன்று கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துக்குப் போவோம் என்று நின்றது நான்தான்.

லண்டன் மோர்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினான்கு வருடமாக அவளுக்கு வேலை. காலை ஏழு பத்துக்கு வீட்டை விட்டு இறங்குவாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடக்கிற எட்டு நிமிடமும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அண்ணன் வாமதேவனுக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி போகும். "அண்ணை, இண்டைக்குப் பிள்ளையளுக்குப் பாஸ்தா. இஞ்ச மழை தூறுது. நீங்கள் குளிசை போட்டனீங்களே?" அவர் பதிலுக்கு "ஓம்" என்று ஒரேயொரு சொல் அனுப்புவார். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் இவள் ஏப்ரன் கட்டுவாள். எனக்கு அதில் எரிச்சல். மறைத்து என்ன பயன்? கட்டின புருஷன் வீட்டில் இருக்க, விடிந்ததும் முதல் கதை ஐயாயிரம் மைலுக்கு அப்பால் போகிறது என்றால் யாருக்குத்தான் எரியாது.

அவளுடைய அப்பா செத்தபோது எங்கள் அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. கையில் பாஸ்போர்ட் இல்லை. அம்மா செத்தபோதும் இல்லை. அம்மாவின் செய்தியை நான் கேட்ட கையோடு அவளிடம் சொன்னேன். நின்ற இடத்தில் விழுந்தாள். வயிற்றில் இருந்த மூன்று மாதப் பிள்ளை அன்றைக்குப் போனது. மகள் கம்சிகா அதற்குப் பிறகு பிறந்தவள்.

அம்மா செத்த அந்த வருடமே அண்ணனிடம் போனில் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்டெண்டால் நான் வந்து நிப்பன் அண்ணை. என்ர கையால வாய்க்கரிசி போடாமல் உங்களை எடுக்க விடமாட்டன்."

அவர் சிரித்தார். "சரி, நீர் வருமட்டும் கிடக்கிறன்" என்றார்.

போன வருடம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். பெப்ரவரியில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை விடுமுறை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சனி ஞாயிறுகளைச் சேர்த்தாலும் ஒன்பது நாள், அதில் போய் வாறதே, ஈஸ்டருக்கு ஆறுதலாகப் போகலாம் என்று நான் சண்டை பிடித்தேன். எனக்கு ஒரு குணம், வாயால் ஒன்று வந்துவிட்டால் அதிலிருந்து இறங்க மாட்டேன். கம்சிகாவும் அயர்லாந்து என்று அரித்துக்கொண்டிருந்தாள்.  மூன்றாம் நாள் குமுதினி அயர்லாந்துக்கு உடுப்பு அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் பக்கத்தில் ஒரு சின்ன விடுதி. மனைவியும் மகளும் நித்திரை. வாமதேவனின் மனைவி பிரியம்வதா அக்கா என்னுடைய போனுக்கு எடுத்தா. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். விடியப்புறம் மூச்சு நிண்டிட்டுது." சற்று நேரம் அழுதா. பிறகு கேட்டா. "குமுதினி வாறாவோ? நாளைக்குச் சனி, பிரேதம் எடுக்க ஏலாது. அவ வாறதெண்டால் ஞாயிறு மட்டும் வைச்சிருக்கிறம். இல்லையெண்டால் இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எடுப்பம். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

பிள்ளை போன அன்றைய இரத்தம் என் கண்ணுக்குள் வந்தது. அது உண்மை. ஈஸ்டர் என்று நான் பிடித்த சண்டையும் வந்தது. அதுவும் உண்மை. அவளுடைய முகத்துக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"அவவுக்கு ஏலாது அக்கா. பிரஷர் வேற. நீங்கள் எடுங்கோ" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. வெளியூரில், வழிப்பயணத்தில் நிற்கிறவர்களுக்குச் சாவைச் சொல்ல மாட்டோம். வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சாப்பிட்டு, நாலு பேர் சுற்றி இருக்கும்போது சொல்லுவோம். லண்டனில் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போட்டேன்: குமுதினிக்கு இன்னும் தெரியாது, நாளைக்கு மோர்டனுக்கு வந்தாப்பிறகு சொல்லுவம், ஒருத்தரும் அவவுக்குப் போன் எடுக்காதேயுங்கோ. எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். கம்சிகா குடும்பக் குறூப்பை எப்போதோ மியூட் பண்ணிவிட்டாள், அவளால் பயமில்லை. கட்டிலருகே கிடந்த குமுதினியின் போனை எடுத்து ஃப்ளைட் மோடில் போட்டேன்.

"ரோமிங் காசு வெட்டும். இண்டைக்குப் போனை உப்பிடியே விடும்" என்று அவள் எழும்பியதும் சொன்னேன்.

"அப்பா, அயர்லாந்தில ஃப்ரீதானே" என்றாள் கம்சிகா.

"என்ர பிளானில இல்லை. வாயை மூடிக்கொண்டு சப்பாத்தைப் போடும்."

கடற்பாறையைப் பார்க்கப் போனோம். வெறும் மூடுபனிப் புகார். கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. குமுதினி போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "அண்ணை, இவ்வளவு தூரம் வந்து ஒண்டும் தெரியேல்லை, சத்தத்தை மட்டும் கேளுங்கோ" என்று காற்றுக்குள் நீட்டினாள். அனுப்பினாள். அது போகாமல் மணிக்கூட்டு அடையாளத்தோடு நின்றது. "வைஃபை கிடைச்சால் போகும்தானே" என்றாள். ஓம் என்றேன்.

தேநீர்க்கடை பூட்டு. கம்பளிச் சாமான் விற்கிற கடையும் பூட்டு. பெப்ரவரியில் அங்கே வருகிற விசரர் நாங்கள் மட்டும்தான் போலிருக்கிறது. காரில் போகும்போது குமுதினி பின்னாலிருந்து, "ஈஸ்டருக்கு டிக்கெட்டை இண்டைக்குப் பின்னேரமே பாத்துப் போடுவமே? அண்ணையின்ர குரல் இந்தக் கிழமை சரியில்லை" என்றாள். மணி ஒன்பதே முக்கால். அப்போதுகூட ஒரு போன் அடித்து, எடுக்காதேயுங்கோ, அவ வாறா என்று சொல்லியிருக்கலாம். டப்ளின் மூன்று மணித்தியாலம். பின்னேரம் விமானம் ஏறினால் சனி கொழும்பு, ராவோடு ராவாக வேனில் யாழ்ப்பாணம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கு முழுவதையும் மனதுக்குள் போட்டேன். போட்டுவிட்டு, "பாப்பம்" என்றேன்.

பத்தே காலுக்கு ஒரு பழைய கோட்டைக்கு வந்தோம். வாசலில் சங்கிலி. மார்ச் நடுப்பகுதி வரை மூடியிருக்கும் என்று மட்டை தொங்கியது. தாயும் மகளும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மூத்திரம் பெய்யப் போவதாகச் சொல்லிவிட்டு மதிலுக்குப் பின்னால் போனேன். செத்தவீட்டுக்காரர் நேரடி ஒளிபரப்பு லிங்க் அனுப்பியிருந்தார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பெட்டியை மூடினார்கள். பிரியம்வதா அக்கா பெட்டியில் விழுந்து கிடந்தா, இரண்டு பேர் இழுத்தார்கள்.

"இஞ்சருங்கோ, எங்க போட்டியள்? வந்து எங்களை ஒரு படம் எடுங்கோவன்."

போனேன். குமுதினி தன்னுடைய போனையே தந்தாள். சங்கிலியில் சாய்ந்து, சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் நாலைந்து தரம்தான் கண்டிருப்பேன். எடுத்தேன். தொப்பி வெட்டுப்பட்டுவிட்டது, இன்னொன்று எடுங்கோ என்றாள். இன்னொன்றும் எடுத்தேன்.

பின்னேரம் நாலரைக்கு ஒரு பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடைதான் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை, மச்ச மாமிசம் தொடமாட்டோம். சிப்ஸ் வாங்கினோம். நான் காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் கம்சிகா தாயின் போனை வாங்கி, "அம்மா, இது ஃப்ளைட் மோடில கிடக்குது" என்று கடையின் வைஃபையைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

படங்கள் ஒவ்வொன்றாக வாமதேவனின் நம்பருக்குப் போகத் தொடங்கின. கடல் சத்தம் போனது. சிவப்புத் தொப்பி போனது. பதினேழு செய்தி. நான் தட்டுகளோடு நின்றேன்.

"நீல அடையாளம் வந்திட்டுது" என்றாள் குமுதினி. முகம் மலர்ந்துவிட்டது. "அங்க ராப் பத்து மணி. அண்ணை முழிச்சிருந்து பாக்கிறார்."

பிறகு அந்த நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் அழுத்தினாள். பிரியம்வதா அக்காவின் குரல், அழுது கட்டிப்போன குரல்.

"குமுதினி, உமக்கு மனம் கல்லோ? இண்டைக்கு இந்தப் படங்களை அனுப்பிறீர். நீர் வரமாட்டீரெண்டு தம்பி சொன்னபடியால்தான் உங்கட அண்ணையை இண்டைக்கே எடுத்தனாங்கள். இல்லையெண்டால் ஞாயிறு மட்டும் வைச்சிருப்பம்."

அவள் விழவில்லை. நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. கம்சிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குமுதினி அந்தச் செய்தியை இன்னொரு தரம் முழுவதும் கேட்டாள்.

"எத்தினை மணிக்கு எடுத்தவை?" என்று என்னைக் கேட்டாள்.

"நாலு."

"இஞ்சத்தை நேரம்?"

"பத்தரை."

போனில் படங்களைத் தள்ளிக்கொண்டு போய், சங்கிலியில் சாய்ந்து நிற்கிற படத்தைத் திறந்து நேரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தொன்பது.

"தெரிஞ்சுகொண்டே எடுத்தனீங்களோ?"

நான் தலையாட்டினேன். உமக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான், பிரஷர், அந்தப் பிள்ளை என்று ஏதேதோ சொன்னேன். என் வாயிலிருந்து வந்த ஒன்றையும் எனக்கே நம்ப முடியவில்லை. அவள் கைப்பையைத் திறந்து, விமானத்துக்காகக் கொண்டுவந்த பாஸ்போர்ட்டை எடுத்து, சிப்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பாவுக்குப் போக இது இருக்கேல்லை. அம்மாவுக்கும் இருக்கேல்லை. இண்டைக்கு இது பைக்குள்ள கிடந்தது" என்றாள். "நீங்களும் பக்கத்தில இருந்தனீங்கள்."

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு யாழ்ப்பாணத்துக்குத் தனியாகப் போய்வந்தாள். இப்போது வழக்கம்போல வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், கேட்டால் பதில் சொல்லுகிறாள். பாஸ்போர்ட்டுகளை நான் அலுமாரியில் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைப்பது வழக்கம். தன்னுடையதை மட்டும் திருப்பித் தரவில்லை. ஏழு பத்துக்கு இறங்கும்போது அது கைப்பைக்குள் போகிறது.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அங்க இனி உமக்கு ஆர் இருக்கினம்? பள்ளிக்கூடத்துக்கு ஏன் உதைக் காவிக்கொண்டு திரியிறீர்?"

"அங்க ஒருத்தரும் இல்லை" என்றாள். "உங்கட கையில இருக்கக்கூடாது எண்டுதான்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். போனைக் கையில் எடுக்காமல் பஸ் தரிப்பிடப் பக்கம் நடந்து போவதை நான் ஜன்னலால் பார்த்தேன்.