கலங்கரை விளக்கத்தடியில் மூன்று மணி நேரம்

காலை ஐந்து பத்து. எழும்பூரில் ரயில் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது பிளாட்பாரத்தில் யாரோ விட்டுப்போன ஒரு கட்டுக் கரும்பு. தோகை காய்ந்து பழுத்திருந்தது. பொங்கல் கழிந்து இரண்டாம் நாள். என் மனைவி அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். கையில் புளிசாதம் வைத்த டிபன் கேரியர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம். ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி ஓர் ஒன்றியப் பள்ளியில் அவள் டீச்சர். நான் திருச்சியில் வெளியாகும் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றும் என் எல்லை. லாரி விபத்து, முந்திரித் தோப்புத் தகராறு, யூனியன் ஆபீஸ் கூட்டம் என்று எழுதி, கவரில் போட்டு மாலை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். மறுநாள் நான்கு வரி வரும். எந்த நேரத்துக்கு வீடு திரும்புவேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மார்கழியில் சென்னைப் பத்திரிகை ஒன்று உதவி ஆசிரியர் வேலை தருவதாக எழுதியிருந்தது. பொங்கல் கழிந்த வாரத்துக்குள் பதில் போட வேண்டும். ஒன்றியப் பள்ளியிலிருந்து சென்னைக்கு மாற்றல் கிடையாது. நான் போனால் அவள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், அல்லது இருவரும் இரண்டு ஊரில் இருக்க வேண்டும். வருகிறாயா என்று கேட்டதற்கு, ஊரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் கடலையும் பார்த்ததில்லை. சம்மதக் கடிதத்தை நான் முன்பே எழுதி, ஸ்டாம்பு ஒட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இருவருக்கும் விடுமுறையாக இருந்த நாள் அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் அதைக் கரிநாள் என்போம். புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கரிநாளில் யார் ஊர் பார்க்கப் போவார்கள் என்று மாமியார் கேட்டார். சென்னையில் அதே நாள் காணும் பொங்கல் என்பதும், அன்றைக்கு நகரமே கடற்கரைக்கு வரும் என்பதும் செய்தி எழுதுகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் நேர்முகத்துக்கு வந்தபோது ஒரு புதன்கிழமை மத்தியானம் மெரினாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மணலில் அன்று பதினாறு பேர் இருந்தார்கள். அந்தக் கடலைத்தான் அவளுக்குக் காட்ட நினைத்தேன்.

ஸ்டேஷனிலேயே குளித்துவிட்டு, முதலில் திருவல்லிக்கேணியில் எனக்குச் சொல்லியிருந்த ஓர் அறையைப் பார்க்கப் போனோம். மாடியில் பத்தடிக்கு எட்டடி. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தோம். போகப் போகத் தெருவில் ஆட்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். தூக்குச்சட்டி, பாய், கரும்பு, தோளில் குழந்தை.

கடற்கரைச் சாலையைத் தொட்டபோது மணி பதினொன்றரை. தண்ணீர் தெரியவில்லை. மணல் தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன.

"நம்ம கல்லங்குறிச்சித் தேரு தேவலைங்க," என்றாள்.

"தவறிட்டா கம்பத்துக்கிட்ட வந்துரு," என்றேன்.

அவள் சிரித்தாள். கல்லங்குறிச்சியில் பெருமாளே ஒரு கம்பம்தான். திருவிழாக் கூட்டத்தில் பிரிகிறவர்கள் கோயில் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். 'கம்பத்துக்கு வந்துரு' என்றால் எங்கள் ஊர்களில் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நான் அதைச் சொன்னபோது ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். அதன் இடுப்பளவில் வெள்ளைப் பெயின்டில் 47 என்று எழுதியிருந்தது. எனக்கு அதுதான் கம்பம்.

மணலில் பாதி தூரம் போயிருப்போம். குதிரைப் போலீஸ் இருவர் வந்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பழுப்புக் குதிரை ஒன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் குதிரை ஒன்று. அவை கடந்ததும் கூட்டம் மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கம் அவள் இல்லை. அப்போது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

நாற்பத்தேழாம் கம்பத்துக்கு வந்து நின்றேன். ஒன்றரை மணி வரை நின்றேன். சுண்டல் விற்றவன் என்னை மூன்று முறை கடந்து போனான், மூன்றாவது முறை கூடை காலி. இரண்டு மணிக்கு அவள் பணம் எதுவும் வைத்திருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ரயில் டிக்கெட் இரண்டும் என்னிடமே இருந்தன.

மணலில் போலீசார் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். இரண்டு மேசை, ஒரு மைக், தொலைந்துபோன குழந்தைகள் பதினொன்று. ஒரு கான்ஸ்டபிள் ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து, சிவப்புச் சொக்காய், பச்சைப் பாவாடை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிகள் கடற்கரை நெடுகக் கட்டியிருந்தன. என் முறை வந்தது. ஊர், வேலை, வயது, உயரம் கேட்டார். சொன்னேன்.

"இன்னா பொடவை?"

"புதுப் புடவை. பொங்கலுக்கு எடுத்தது."

"கலர் சார்."

எனக்குத் தெரியவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து அவளோடு இருந்தேன். கரும்புத் தோகையின் நிறம் தெரியும். கம்பத்தின் எண் தெரியும். இரண்டு குதிரைகளின் நிறமும் தெரியும்.

"கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்?"

"ரெண்டு."

"ரெண்டுதானா? அதுக்குள்ளயேவா சார்," என்றார். மேசையருகே குழந்தையைத் தேடி நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு அவர், பெரம்பலூரிலிருந்து வந்த டீச்சரம்மா எங்கிருந்தாலும் கூடாரத்துக்கு வரவும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அடுத்த குழந்தைக்குப் போனார்.

அரைமணி காத்திருந்தேன். அவள் வரவில்லை. கூடாரத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்தபோது, தலைகளுக்கு மேலே தெற்கில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. கலங்கரை விளக்கம். கடற்கரைச் சாலையில் நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்கள் இருந்தன. எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற கம்பம் அது மட்டுமே.

நடந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கம் கூட்டம் கொஞ்சம்தான். வெளிச்சுவர் நிழலில் அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று நாற்பது. டிபன் கேரியரின் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னொன்று மூடியிருந்தது.

"சாப்புடுங்க," என்றாள். "பசி தாங்கலை, என் பங்கைச் சாப்புட்டுட்டேன்."

எப்போது இங்கே வந்தாய் என்று கேட்டேன். பிரிந்த உடனே கிளம்பியதாகவும், நடக்கவே நேரமாகிவிட்டதாகவும், நான் நேராக இங்கேதான் வருவேன் என்று நினைத்ததாகவும் சொன்னாள். மைக்கில் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்றேன்.

"விழுந்துச்சுங்க. எல்லாருக்கும் கலர் சொன்னாங்க. எனக்கு மட்டும் சொல்லலை."

"அப்புறம் ஏன் வரலை?"

"கம்பத்துக்கிட்டத்தான நிக்கச் சொன்னீங்க."

நான் சாப்பிட்டேன். அவள் கடலைப் பார்த்தாள். அங்கிருந்து தண்ணீர் கரைவரை தெளிவாகத் தெரிந்தது, இடையில் ஆள் இல்லை. காலை நனைத்துவிட்டு வரலாமா என்றேன். நான் வருவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் புடவைக் கரையில் ஒரு சாண் உயரத்துக்கு உப்புத்தண்ணீர் ஏறிக் காய்ந்திருந்தது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை.

நான் தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது அவளே பேசினாள்.

"பயமா இல்லைங்க. ஒக்காந்து யோசிச்சேன். ஊருலயும் இப்புடித்தான, நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஆனா அங்க காலைல எந்திரிச்சா பள்ளிக்கூடம் இருக்கு. நாப்பது புள்ளைங்க வரும். இங்க வந்தா எனக்கு இது மட்டுந்தான்."

சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"நீங்க போங்க. நான் அங்கயே இருக்கேன்."

சனி ஞாயிறு வந்துவிடுவேன் என்றேன். சரிங்க என்றாள். எழும்பூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ரயிலில் எதிரெதிர் ஜன்னல் கிடைத்தது. அவள் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை அரியலூரில் இறங்கினோம். அன்று பள்ளி திறக்கும் நாள். பெரம்பலூர் பஸ்ஸில் ஒரே ஓர் இடம் இருந்தது. அவளை ஏற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். பஸ் போன பிறகு ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்து, சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டேன். அடுத்த எடுப்பு பத்து மணி என்று பெட்டியில் எழுதியிருந்தது.