குடையக்கா

"கொட்டாவி விடறவங்க வெளிய போங்க" என்றபடியே துணியின் மடிப்பை உள்ளங்கையால் நீவி, அதன்மேல் ஒரு மணல் பையை வைக்கிறார் குடையக்கா. கொட்டாவி விட்டது, பை எடுத்துக் கொடுக்க நிற்கும் நான்தான். கூடத்தின் நீளத்துக்கும் ஒரே மேசை. அதன்மேல் பாராசூட் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் படுத்துக் கிடக்கிறது. மடிப்பு கலையாமலிருக்க வரிசையாக மணல் பைகள். மடித்து முடிக்க முடிக்க அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

இந்த ராக்கெட் தளத்தில் பாராசூட்டுக்குக் குடை என்று பெயர். மடிப்பவர் குடையக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே முழிப்பார். துணியோடு அவருக்கு ஓயாத பேச்சு: "வாடி இந்தப் பக்கம்... எங்க நழுவற?" வீட்டிலும் இதே கதைதான். "அவ மடிச்சு வெச்ச அடுக்குல இருந்து ஒரு பனியன் எடுக்கணும்னாகூட உத்தரவு வாங்கணும்ங்க" என்று புலம்புகிறார் வீட்டுக்காரர்.

குடை இறக்கிவருவது ஒரு தொலைநோக்கியை. வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சமும், கருந்துளைக்குள் விழப்போகும் வாயுவும் கோடிக்கணக்கான டிகிரியில் கொதித்து எக்ஸ் கதிரை வீசுகின்றன. நம் காற்று அதைத் தரைக்கு விடாது. அதனால் ராக்கெட் காற்றைத் தாண்டிப்போய், ஐந்தே நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. இதையே குடையக்கா சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்: "எங்கயோ ஒருத்தன் வெடிச்சுச் செத்திருக்கான். அவன் வயித்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இவங்க பாக்கறாங்க. இரும்பு இருந்துச்சாம். நம்ம ரத்தத்துல இருக்கறதும் அந்த மாதிரி வந்ததுதானாம். அப்ப அவன் நமக்குச் சொந்தக்காரன்தானே?"

போன முறை குடையின் கயிறு ஒன்று சிக்கிக்கொண்டது. விழுந்த தொலைநோக்கியைத் தூக்கியபோது உள்ளே கலகலவென்று சத்தம். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மெல்லிய கண்ணாடிக் குழல்கள் அத்தனையும் தூள். ராக்கெட் தாறுமாறாகச் சுழன்றதுதான் காரணம், மடிப்பில் பிழை இல்லை என்றது விசாரணை. "மடிச்சது என் கைதானே" என்றார் குடையக்கா. அதற்குமேல் யாராலும் அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. கண்ணாடிகளைத் திரும்பச் செய்ய, தொலைநோக்கியை உருவாக்கிய இளம்பெண் ஆய்வாளருக்கு வருடக்கணக்கில் ஆனது. மறுபடியும் உடைந்தால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

இந்த முறை குடையை மடித்துக் கட்டி முடித்த அன்றுதான் ஒரு மணல் பையைக் காணவில்லை. உள்ளே மாட்டியிருந்தால் குடை விரியாது. குடையக்கா யாரையும் கேட்கவில்லை. மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. உள்ளேயும் பை இல்லை. சாயங்காலம் ஆய்வாளர் தயங்கித் தயங்கி வந்து நின்றார், கையில் பை.

"அக்கா... இது உங்களோடதா? என் ரூம் கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதான்..."

கூடமே இடி விழப்போகிறது என்று காத்திருந்தது. குடையக்கா தரையிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "கதவுக்கு முட்டுக் குடுத்தியா? நல்லவேளை தாயே, வெளிய இருந்துச்சு! உள்ள இருந்திருந்தா உன் நட்சத்திரம் அம்போன்னு போயிருக்கும்." பிறகு முதலிலிருந்து மடித்தார். பைகளை எடுத்துக் கொடுத்தவர் ஆய்வாளர். எனக்கு அன்று கொட்டாவி வரவில்லை.

மறுநாள் ராக்கெட் போனது, குடை விரிந்தது. மேலேயிருந்து வானொலி அலைவழி வந்த படம் திரையில் தெரிந்தது: செத்த நட்சத்திரம் ஒரு கிழிந்த வளையமாக, இரும்பு மட்டும் ஓரமாகத் திட்டுத் திட்டாக. அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் அங்கே முண்டியடித்தார்கள். குடையக்கா மட்டும் வாசலில், தொலைநோக்கியை ஏற்றிவரும் லாரிக்காக நின்றார். கண்ணாடி பிழைத்திருந்தால்தான் அடுத்த பயணம், அடுத்தது கருந்துளை.

லாரி வந்தது. "இன்ஜினை அணைப்பா" என்று ஏறி, மண் அப்பிய குழாயில் காதை வைத்தார். மெதுவாக ஆட்டச் சொன்னார். இன்னொரு தரம் ஆட்டச் சொன்னார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூச்சிரைக்க ஓடிவந்த ஆய்வாளர், "என்னக்கா? என்ன கேக்குது?" என்றார். குடையக்கா அவருக்குக் கைகொடுத்து மேலே இழுத்து, தலையைப் பிடித்து, அவர் காதையும் குழாயோடு சேர்த்து அழுத்தினார்.